இடது சீட்டின் எடை

பதுளை
28.10.1925

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை சந்திரகாந்தி வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் சுகம். நாலு நாளாக விடாத மழை; கடையில் அரிசி மூட்டைகளுக்கு அடியில் பலகை கொடுத்துத் தூக்கி வைத்திருக்கிறோம். மடுல்சீமையில் குளிர் எப்படி? உன் இருமல் விட்டதா? ராமநாதன் மச்சானுக்குத் தோட்டத்துக் கடையில் வேலை மிகுதியா? எல்லாவற்றுக்கும் பதில் எழுது.

ஒரு செய்தி. இவர் கார் வாங்கிவிட்டார். நல்ல கார் என்று நினைத்துவிடாதே. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை, மகாயுத்தத்துக்கு முன்னால் வரவழைத்த பந்தயக் கார். பச்சை நிறம். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். என்ஜின் மூடியைத் தோல்வாரால் இழுத்துக் கட்டியிருக்கிறது. எதிர் வீட்டு ஜெனீரா வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டு, “என்ன தங்கச்சி, உங்க வூட்டுக்காரர் தவளை ஒண்ணு வாங்கிக்கிட்டு வந்திருக்காரு?” என்றாள். அன்று முதல் கடைவீதி முழுக்க அதற்குத் தவளை என்றே பெயர்.

பெயர் பொருத்தம்தான். ஹாலிஎலை வரை என்னை ஒருமுறை அழைத்துப் போனார். ஒவ்வொரு பள்ளத்திலும் பல்லோடு பல் மோதியது. திரும்பி வந்து இரண்டு நாள் முதுகுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுத்தேன். சமமான தெருவில் வேகமாக ஓடுவதற்குச் செய்த கார் அது. அடியில் இருக்கும் வில்லுப்பட்டைகள் குட்டை, தடிப்பு. வளைய மாட்டேன் என்கின்றன. பாலத்தடியில் பட்டறை வைத்திருக்கும் ஸரூக் நானாவைத் தெரியுமல்லவா, அந்தக் காலத்தில் வில்வண்டிக்கெல்லாம் வில் அடித்தவர்? அவர் காருக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, “முதலாளி, இது வில்லு இல்ல, கல்லு” என்றார்.

பட்டைகளை மாற்றி நீளமாக, மெலிதாகப் போடுவது என்று முடிவாகியிருக்கிறது. எனக்காகத்தான் மாற்றுகிறார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன். நம் அத்தை மகன்தானே, அவர் குணம் உனக்குத் தெரியாததா.

தீபாவளிக்கு இறங்கி வருவாயா? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
சந்திரகாந்தி


மடுல்சீமை
9.11.1925

என் கண்ணான சந்திராவுக்கு அக்கா மீனாம்பாள் ஆசிகள். உன் கடிதம் கண்டு சந்தோஷம். இருமல் விட்டுவிட்டது. இவரும் சுகம். பெரியாயி வந்து தண்ணீர் எடுத்துத் தருகிறாள், துணி துவைக்கிறாள்; நான் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தான் கார் வாங்கியதைக் கேட்டுச் சிரித்தேன். சின்ன வயதில் பழைய வண்டி ரோதையை உருட்டிக்கொண்டு லயத்துப் பக்கமெல்லாம் ஓடியவர்தானே.

வில்லை மாற்றுவது நல்லது. நன்றாக மெதுவாக இருக்கும்படி செய்யச் சொல். வேகம் யாருக்கு வேண்டும்? பசறைத் தெருவிலும் மடுல்சீமை ஏற்றத்திலும் குலுக்காமல் வந்தால் அதுதான் கார். எத்தனை நாளில் முடியும் என்று ஸரூக் நானா சொன்னார்?

தீபாவளிக்கு வர இயலாது. மாட்டு வண்டி என்றாலே எனக்கு இப்போது முதுகு கூசுகிறது. ஏன் என்று உனக்குத் தெரியும். நீ கோபித்துக்கொள்ளாதே. பலகாரத்தை இவர் கடைக்குச் சரக்கெடுக்க வரும்போது கொடுத்து அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு. படித்துப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புள்ள அக்கா,
மீனாம்பாள்


பதுளை
26.11.1925

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். மச்சான் வந்து பலகாரத்தை எடுத்துக்கொண்டு போனார். கடையின் பின்கட்டில் அவரும் இவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் காப்பி கொண்டுபோனதும் பேச்சு அரிசி விலைக்குத் தாவியது.

பட்டைகள் தயார். அத்துடன் கொழும்பிலிருந்து ஒரு புதுச் சாமான் வந்திருக்கிறது. கத்தரிக்கோல் போல இரண்டு இரும்புக் கைகள், அவை சேருமிடத்தில் மரத்தட்டுகள், நடுவில் ஒரு நட்டு. ஸரூக் நானா அதற்குக் கத்திரி என்று பெயர் வைத்துவிட்டார். கூட வந்த இங்கிலீஷ் காகிதத்தைப் படிக்க இந்த வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை. பட்டறையில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். வில் துள்ளும், கத்திரி அந்தத் துள்ளலைப் பிடித்து அடக்கும். நட்டு தளர்ந்திருந்தால் வண்டி ஆடிக்கொண்டே போகும். அளவுக்கு மேல் இறுகிவிட்டால் வில் இருந்தும் இல்லாத மாதிரி. பள்ளம் நேராக முதுகெலும்புக்கு வந்து சேரும். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் இதற்காவது உதவியதே என்று எனக்கும் கொஞ்சம் பெருமை. இவர் என்னை அப்படிப் பார்த்து வெகு நாள் ஆயிற்று.

அந்தப் பெருமை ஒரு மணி நேரம் இருந்தது.

‘அமரப்போகும் ஆளின் எடையை ஆசனத்தில் வைத்துவிட்டு நட்டைத் திருப்புக’ என்று காகிதத்தில் இருந்தது. மொழிபெயர்த்துச் சொன்னதும் நான்தான். இவர் உடனே கடைக்குப் போய்த் தராசில் அரிசி நிறுத்துக் கட்டி எடுத்து வந்து சீட்டில் உட்கார வைத்தார். மூட்டையின் மேல் கரியால் எழுதியிருந்தது: ஒரு அந்தர் பத்து ராத்தல். ஆக நூற்று இருபத்திரண்டு ராத்தல்.

அக்கா, நான் தொண்ணூற்று நாலு ராத்தல். ஆடி மாதம் அதே தராசில் இவரே என்னை ஏற்றி நிறுத்து, “முக்கால் மூட்டைகூடத் தேற மாட்டியே” என்று சிரித்தார். மறந்திருக்க மாட்டார், வியாபாரி எடையை மறப்பதில்லை.

“இது யாருக்குங்க?” என்று கேட்டேன்.

“யாராச்சும் ஏறுவாங்கல்ல, சும்மா ஒரு கணக்கு” என்றார், மூட்டையின் காதை முறுக்கிக்கொண்டே.

சும்மா ஒரு கணக்கு என்றால் ஒரு அந்தர் போதும். அதற்கு மேல் ஒரு பத்து ராத்தலைச் சும்மா யாரும் நிறுப்பதில்லை.

போகட்டும். நீ இப்போது எவ்வளவு இருப்பாய்? வேடிக்கைக்குத்தான் கேட்கிறேன். குளிரில் பசி அதிகம் என்பார்களே.

மச்சானுக்கு என் வணக்கம்.

சந்திரகாந்தி


மடுல்சீமை
20.12.1925

அன்பான சந்திராவுக்கு,

பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள். இங்கே காற்றும் மழையுமாக இருந்தது. தபால்காரன் இரண்டு வாரம் மேலே ஏறவில்லை. நான் சுகம்தான். காலையில் கொஞ்சம் தலைசுற்றல், பித்தமாக இருக்கும். இஞ்சிச் சாறு குடிக்கிறேன்.

எடையா? இங்கே தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசு இருக்கிறது. அதில் மனுஷர் ஏறினால் கணக்கப்பிள்ளை சும்மா விடுவாரா? உனக்கு வேறு வேலை இல்லை.

கத்திரி பூட்டியாகிவிட்டது என்று கேட்டு மனதுக்கு நிம்மதி. அந்த இடது சீட்டின் மூலையில் கம்பி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறதாமே, அதன் மேல் தேங்காய் நார் வைத்துத் தைத்தாயிற்றா? பஞ்சு வேண்டாம், ஒரு மாதத்தில் அமுங்கிவிடும். தை மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டால் நல்லது.

பெரியாயி கூப்பிடுகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணு. அத்தானையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

மீனாம்பாள்


பதுளை
30.12.1925

அக்காவுக்கு,

இவ்விடம் சுகம். உன் பித்தம் தெளிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சீட்டில் கம்பி துருத்திக்கொண்டிருப்பதை நான் உனக்கு எழுதவில்லை. நான் எழுதியவை எனக்கு நினைவிருக்கும். மச்சானும் இங்கே வந்தபோது அந்தக் காரில் ஏறவில்லை. அது பட்டறையில் நாலு கட்டை மேல் நின்றது. ஆகவே யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது எழுதியிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. தேங்காய் நார் வைத்துத் தைத்தாகிவிட்டது. தைத்தது நான்தான்.

சில காரியங்களை நாம் இருவரும் பேசாமலே ஆறு வருஷம் ஓட்டிவிட்டோம். முதலில் உனக்குத்தான் இவரைப் பேசினார்கள். வெற்றிலை மாற்றுகிற நாளைக் குறித்த பிறகு ஜாதகம் ஒத்துவரவில்லை என்று ஜோசியர் சொன்னார். உன் ஜாதகத்தை எடுத்துவிட்டு என் ஜாதகத்தை வைத்தார்கள், பொருந்தியது. உன்னை மடுல்சீமைக்குக் கொடுத்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய ஒரு புத்தகத்தின் நடுவில் இருந்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. உன்னையாவது கேட்டார்களா? நீ இன்றைக்கும் ‘அத்தான்’ என்று எழுதுகிறாய். முறைதான், தப்பில்லை. நான் அந்தச் சொல்லைக் கல்யாணத்தன்றே விட்டுவிட்டேன்.

கார் செய்தி கேட்பாய். முதல் வெள்ளோட்டத்துக்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு ஸ்பிரிங்வெளித் தெருவில் போனார். மூட்டையின் மேல் ஒரு செம்பு நிறையத் தண்ணீரை இடுக்கி வைத்திருந்தார். திரும்பி வரும்போது கழுத்துவரை தண்ணீர் இருந்தது. பிள்ளை பிறந்தவர் மாதிரி செம்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஓடிவந்து எல்லோருக்கும் காட்டினார். அடுத்த வியாழக்கிழமை அதே தெரு, அதே மூட்டை. செம்பில் கால்வாசிகூட இல்லை.

ஸரூக் நானா நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “நட்டு தானா கழலும் முதலாளி, அது உலகத்து நடப்பு. தானா இறுகினது ஒண்ணை இப்பத்தான் பாக்குறேன்.”

இனி அது எத்தனை வியாழக்கிழமை இறுகுமோ தெரியாது.

சந்திரகாந்தி


பதுளை
21.1.1926

அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்தை முன்பே எழுதியிருக்க வேண்டும். உன் பதிலுக்குக் காத்திருந்தேன், வரவில்லை. உங்கள் இருவரின் சுகத்துக்கும் ஒரு வரியாவது எழுது.

இங்கே இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை. இவரும் ஸரூக் நானாவும். நட்டு மூன்றாம் முறையும் இறுகிவிட்டது. “ஒங்க பட்டைதான் சரியில்ல நானா, பழைய இரும்ப தலையில கட்டிட்டீங்க” என்று இவர் சொல்லிவிட்டார். நானா சம்மட்டியைத் துடைத்து வைத்தார். பிறகு, “இந்த ஊருல எத்தன வண்டி என் வில்லுல ஓடுது தெரியுமா? ஒரு மாடு கூட என்னையக் குத்தம் சொன்னதில்ல” என்றார். புதுப் பட்டை கொழும்பிலிருந்து வரவேண்டும். மாசி முடிந்துவிடும் என்கிறார்கள்.

அதுவரை கார் பட்டறையிலேயே நிற்கும். இவர் சாயங்காலம் அங்கே போவதில்லை. வீட்டில் இருக்கிறார், ஆனால் இருக்கிற மாதிரி இல்லை. கை விட்டுக் கை மாற்றி விரல் எண்ணுகிறார். “என்ன எண்ணுறீங்க?” என்றால், “ஒண்ணுமில்ல” என்கிறார்.

அவர் முகம் வாடியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு நிறைவு வருகிறது. இந்த உணர்ச்சியைப் பற்றிப் புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன். கசப்பு என்கிறார்கள், நெருப்பு என்கிறார்கள். இனிப்பாக இருக்கும் என்று யாரும் எழுதவில்லை. யாருக்கோ உட்காரக் கிடைக்காமல் போன ஒரு சீட்டை நினைத்துக்கொண்டு நான் இரண்டு கவளம் அதிகமாகவே சாப்பிடுகிறேன்.

யாருக்கு என்று நீயும் சொல்ல மாட்டாய்.

சந்திரகாந்தி


மடுல்சீமை
11.2.1926

சந்திரா,

நான் உட்கார்ந்து எழுதுவது சிரமம், படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

எனக்கு ஏழாம் மாதம்.

இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று அத்தானிடம் கேட்டுக்கொண்டது நான். அவர் முடியாது என்றாராம். இவர் என் பெயரில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தார். ஆகவே குற்றம் அவருடையதல்ல.

முதல் இரண்டும் எப்படிப் போயின என்று உனக்குத் தெரியும். இரண்டாவது, வண்டியில் வரும் வழியிலே, பசறைக்கு இரண்டு மைல் கட்டை முன்னால். பெரியாயி தன் சேலையைக் கிழித்துக்கொடுத்தாள். இந்த முறை டாக்டர் ஐயா, மூன்றாம் மாதத்திலிருந்து பாயை விட்டு எழுந்திருக்காதே, எட்டு முடியுமுன் பதுளை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய் இருந்துவிடு, ஆனால் வழியில் குலுக்கல் கூடவே கூடாது என்றார். தோட்டத்து லொறியைப் பார்த்தோம். அதில் தேயிலைப் பெட்டியே உடைகிறது. அப்போதுதான் உன் முதல் கடிதம் வந்தது. அதை இவருக்குப் படித்துக் காட்டினேன். இவர் கீழே வந்து அத்தானைக் கண்டு பேசினார்.

அந்த எடை என்னுடையது. இவர் காலைப் பெரட்டுக் கலைந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு கொழுந்துத் தராசில் என்னை ஒருமுறை நிறுத்து, ஏழெட்டு மாதத்தில் இவ்வளவு ஏறும் என்று கூட்டிச் சொல்லியனுப்பினார். கடைக்காரர்கள் இருவரும் சேர்ந்து ஒரு பிள்ளைத்தாச்சியை மூட்டையாக்கிவிட்டார்கள். கம்பி துருத்திக்கொண்டிருப்பதை அத்தான் இவரிடம் சொன்னார். அவர் எனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை.

ஏன் உன்னிடம் மறைத்தேன் என்று கேட்பாய். ஆறு வருஷமாக மடி நிறையாத ஒருத்தியின் காதில் போட வேண்டாம், கண் பட்டுவிடும் என்று பெரியாயி சொன்னாள். இப்படி எழுதிவிட்டுப் பார்த்தால் அது பொய்யாக இருக்கிறது. பெரியாயி சொல்வதற்கு முன்பே நான் அதை நினைத்துவிட்டேன். உன்னை வளர்த்தவள் நான். உன் கண்ணுக்குப் பயந்தேன்.

பங்குனி முதல் வாரத்துக்குள் வர வேண்டும். கத்திரியை எப்படியாவது சரி செய்யச் சொல், கண்ணு. புதுப் பட்டைக்குக் காத்திருக்க எனக்கு நாள் இல்லை.

மீனாம்பாள்


மடுல்சீமை
1.3.1926

சந்திரா,

நலமா? பதினெட்டு நாள் ஆகிவிட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அத்தானும் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை.

வண்டி கட்டச் சொல்லட்டுமா என்று இவர் இன்று காலையில் கேட்டார். வைக்கோலை நிறையப் போட்டு, மெத்தை போட்டு, நடையாக ஓட்டலாம் என்கிறார். போன முறையும் வைக்கோல் போட்டிருந்தது.

உள்ளே நன்றாக அசைகிறது. இதை உனக்கு எழுதலாமா கூடாதா என்று தெரியாமலே எழுதுகிறேன்.

கோபமென்றால் கோபம் என்று எழுது. அதையாவது படிக்கிறேன்.

மீனா


பதுளை
6.3.1926

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நேராக எழுதுகிறேன்.

நட்டை இறுக்கியது நான்.

வியாழக்கிழமைகளில் ரயிலில் அரிசி வரும். இவர் ஸ்டேஷனுக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் ஸரூக் நானா சாப்பிட வீட்டுக்குப் போவார். ஸ்பானர் ஆணியில் தொங்கும். வலது கைப்பக்கம் இரண்டு சுற்று. காகிதத்தில் படித்ததுதான். மூன்று முறை செய்தேன். நீ வரவேண்டிய தையை நான்தான் மாசியாக்கினேன். நானாவின் வில்லில் ஒரு குறையும் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று முதலில் சிரித்துவிட்டேன், அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதி அடுப்பில் பால் பொங்கும் நேரம்கூட இருக்கவில்லை. இவர் உன்னை நினைத்தார் என்றால் அதை வெறுக்க எனக்குத் தெரியும், மூன்று மாதமாகப் பழகியிருந்தேன். உனக்கு ஒரு பிள்ளை வரப்போகிறது என்பதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அதையும் வெறுத்தேன், அக்கா. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. எழுதினால் அது எழுத்தில் வந்துவிடும் என்று எழுதவில்லை. நீ என் கண்ணுக்குப் பயந்ததில் தப்பில்லை. பயப்படத்தக்க கண்தான்.

உன் இரண்டாம் கடிதம், வைக்கோல் என்ற சொல், இரண்டும் சேர்ந்து என்னை எழுப்பின. பட்டறைக்குப் போய் இருவர் முன்னாலும் சொன்னேன். ஸரூக் நானா கண்ணை விரித்துப் பார்த்தார். “அட, நம்ம தங்கச்சி வேலையா இது? நான் ஜின்னுன்னு நெனச்சு ரெண்டு தரம் ஓதி ஊதிட்டேனே! வீட்டுல ரஹ்மத்தும்மா வேற தேங்கா ஒடைக்கச் சொன்னா” என்றார். இவர் சிரிக்கவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். “எந்தப் பக்கம், எத்தன சுத்து?” என்று மட்டும் கேட்டார். பிறகு நானாவின் காலைத் தொடப் போனார். நானா தள்ளி நின்றுகொண்டு, “கால விடுங்க, அதுல எண்ணெ” என்றார்.

மூட்டை வேண்டாம் என்று நான் சொன்னேன். மூட்டைக்கு முதுகு கிடையாது. நான் தொண்ணூற்று நாலு. உன் எடைக்குக் கால் அந்தர் குறைகிறது. கால் அந்தர் அரிசியை ஒரு பையில் கட்டி வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தேன். பசறை வரை போய் வந்தோம். ஐந்து இடத்தில் நிறுத்தச் சொன்னேன். ஐந்து முறை நானே இறங்கி நட்டைத் திருப்பினேன், அரை அரைச் சுற்றாக. மூன்றாம் இடத்துக்குப் பிறகு நான் தெருவைப் பார்க்கவில்லை. பள்ளம் வரும்போதெல்லாம் என் இரண்டு கையும் தானாகப் பையைத் தாங்கிக்கொண்டன. அரிசிக்கு என்ன வலி? ஆனாலும் தாங்கின. திரும்பும்போது ஜெனீரா வேலியருகே நின்று, “என்ன தங்கச்சி மடியில?” என்று கேட்டாள். அரிசி என்று சொல்ல வெகு நேரம் ஆயிற்று.

இப்போது கார் உனக்குத் தயார். குலுக்காது. நான் சொல்வதை நம்ப உனக்குக் காரணமில்லை. ஆகவே ஸ்பானரையும் காகிதத்தின் தமிழையும் காரோடு கூடவே அனுப்புகிறேன். மச்சான் எடுத்துப் பார்க்கட்டும், வேண்டுமானால் அவரே திருப்பி வைக்கட்டும்.

இன்னொன்று இருக்கிறது. அதையும் எழுதாவிட்டால் இவ்வளவு எழுதியதும் பொய்யாகிவிடும். முப்பது மைல் நீயும் இவரும் தோளோடு தோள் உட்கார்ந்து வருவீர்கள். அந்தச் சீட்டு அவ்வளவு ஒடுக்கம். பிள்ளைத்தாச்சி, என் அக்கா, உயிர்ப் பிரச்சினை என்று எனக்கு நானே எவ்வளவு சொன்னாலும் எரிகிறது. பொறாமை போய்விட்டது என்று நான் எழுத மாட்டேன். ஆகவே கேட்கிறேன்: முதலில் பேசியது உனக்குத்தானே, அது உனக்கு முடிந்துபோன காரியமா? பதில் எழுத மனமில்லை என்றால் விட்டுவிடு. கார் எப்படியும் வரும்.

சந்திரகாந்தி


மடுல்சீமை
12.3.1926

என் சந்திராவுக்கு,

நான் சுகம். உள்ளே இருப்பதும் சுகம். உன் மச்சானும் தாம் சுகம் என்று எழுதச் சொன்னார்.

உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டவில்லை. கார் சரியாகிவிட்டது, சந்திரா உட்கார்ந்து பார்த்தாளாம் என்று மட்டும் சொன்னேன். ஸ்பானரை அனுப்ப வேண்டாம். இவர் கையில் கொடுத்தால் சாமானைப் பிரித்துக் கடை விரித்துவிடுவார். நீ வைத்த அளவே இருக்கட்டும்.

மூன்று மாதம் நீ தின்ற இனிப்பை நானும் தின்றிருக்கிறேன். நீ பள்ளிக்கூடம் போகும்போது நான் அடுப்படியில் இருந்தேன். உன் கடிதம் வரும்போதெல்லாம் இங்கே மழையைப் பார்த்துக்கொண்டு, இவளுக்கு ஒரு பிள்ளையும் கிடைத்துவிட்டால் எனக்கென்று என்ன மிச்சம் என்று நினைத்திருக்கிறேன். ஆறு வருஷமும் உனக்காக நான் வேண்டிக்கொண்டதாக எழுதுவேனே, எல்லாச் சமயமும் வேண்டவில்லை. இதை அறிந்த பிறகும் நீ வாசலில் நிற்பாய் என்றால், என்னைக் கைபிடித்து இறக்குவது நீயாக இருக்கட்டும். உன் கண்ணுக்குப் பயம் இன்னும் இருக்கிறது. பயத்தோடுதான் வருகிறேன்.

வரும் புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. இவர் முந்தின நாளே இறங்கிப் பசறையில் காத்திருப்பார். பெரியாயி சாமான்களோடு வண்டியில் பின்னால் வருவாள். வெந்நீருக்கும் ஒரு பழைய பாய்க்கும் ஏற்பாடு செய்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். காரை ஸரூக் நானா ஓட்டிக்கொண்டு வரட்டும். அத்தான் வர வேண்டாம், கடையைப் பார்த்துக்கொள்ளட்டும். நானா வயதானவர், நிதானமாக ஓட்டுவார் என்று இவரிடம் காரணம் சொல்லியிருக்கிறேன். இவர் நம்பிவிட்டார்.

உன் அக்கா,
மீனாம்பாள்